கால் மாத்திரைக் கணக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் நலம் பற்றி ஒன்றரை வரி, உங்கள் நாய் மணியின் பின்னங்கால் பற்றி மூன்று பக்கம். போகட்டும். கேள்விக்கு வருகிறேன். மாப்பிள்ளை இடுப்பு வலிக்கு வாங்கிய மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறது. அதில் கால் பங்கை மணிக்குக் கொடுக்கலாமா, சுவரிலிருந்து விழுந்து முனகிக்கொண்டிருக்கிற பூனைக்கு அதிலும் பாதியைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

கூடாது. இரண்டுக்கும் கூடாது. இத்தோடு நிறுத்தினால் நீ விடமாட்டாய். "அண்ணன் சொல்லிட்டாரு, ஆனா ஏன்னு சொல்லலையே" என்று நினைத்துக்கொண்டு சாயங்காலம் மாத்திரையை உடைப்பாய். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். அடுப்பில் எதுவும் இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படி.

நீ எழுதியனுப்பிய பெயரை வைத்துப் பார்த்தேன். அந்த மாத்திரையில் அசிக்ளோஃபினாக் 100 மில்லிகிராம், பாரசிட்டமால் 325 மில்லிகிராம். நம் ஊர் மெடிக்கல் ஷாப்புகளில் இடுப்பு வலி என்றாலே எடுத்து நீட்டுகிற ஜோடி அது. இப்போது உன் கணக்கையே போடுவோம். கால் பங்கில் பாதி என்றால் எட்டில் ஒரு பங்கு. அதில் பாரசிட்டமால் 40 மில்லிகிராம் சொச்சம். உன் பூனை மூன்று கிலோ இருக்கும். கிலோவுக்கு 13 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைகளுக்கு நஞ்சேறியிருக்கிறது. நீ துணுக்கு என்று நினைத்தது அதற்குத் துணுக்கு இல்லை. காய்ச்சலுக்கு நாம் போடுகிற 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

"குழந்தைக்கே கொடுக்கிற மருந்து, பூனையை என்ன செய்யும்?" என்று கேட்பாய். எல்லோரும் கேட்பதுதான். உடம்பு சிறிது, அளவையும் சிறிதாக்கினால் சரியாகிவிடும் என்பது நம் எண்ணம். விஷயம் உடம்பின் அளவில் இல்லை, ஈரலில் இருக்கிறது. நாம் விழுங்குகிற பாரசிட்டமாலின் பெரும்பங்கோடு நம் ஈரல் குளுக்குரானிக் அமிலம் என்ற ஒன்றைச் சேர்த்து, தண்ணீரில் கரையும்படி ஆக்கி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. இந்த வேலைக்கான நொதியை உண்டாக்கும் மரபணு பூனையிடம் பழுதுபட்டுக் கிடக்கிறது. இறைச்சி மட்டுமே தின்று வந்த குலம், செடிகொடிகளின் நஞ்சை முறிக்கிற தேவை அதற்கு இருக்கவில்லை, அதனால் அந்தக் கருவி காலப்போக்கில் கெட்டுப்போனது என்று ஆராய்ச்சியாளர்கள் காரணம் சொல்கிறார்கள். வெளியேற வழியில்லாத மருந்து வேறொரு நச்சுப்பொருளாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பேறும். ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். சில மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும்.

இனி மணி. நாய்க்குப் பாரசிட்டமாலைக் கழிக்கிற வசதி ஓரளவு உண்டு. சில நேரம் டாக்டர்களே எடை பார்த்து நாய்க்கு அதை எழுதுவார்கள். அடுத்த வீட்டுக்காரர் "எங்க நாய்க்கு டாக்டரே கொடுத்தாரே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டு நாய்க்கு எழுதியது உன் வீட்டு நாய்க்கு எழுதியதாகாது, பூனைக்கு எக்காலத்திலும் ஆகாது. மணியின் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் அந்த மாத்திரையின் இன்னொரு பாதிமேல்தான். அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் எல்லாம் வலியைத் தூண்டும் சில சுரப்புகளை அடக்குகிறவை. அதே வகைச் சுரப்புகள்தான் இரைப்பையின் உள்தோலையும் சிறுநீரகத்துக்கு ஓடும் இரத்தத்தையும் காக்கின்றன. மனிதனுக்குத் தாங்குகிற அளவு நாய்க்குத் தாங்காது. வயிற்றில் புண் வரும், புண்ணில் இரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும்.

"போன வருஷம் ஒருதரம் கொடுத்தோம், ஒண்ணும் ஆகலையே" என்று நீ எழுதியிருப்பது அந்தக் கடிதத்திலேயே எனக்குப் பிடிக்காத வரி. ஒன்றும் ஆகவில்லை என்று உனக்கு யார் சொன்னது? நாய் சொல்லியதா? வயிற்றுப்புண் வந்த நாய் இரண்டு நாள் சோறு வேண்டாம் என்று படுத்திருக்கும், "வெயில்" என்று நீ சொல்லியிருப்பாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அட்டையில் இருக்கிற அதே அசிக்ளோஃபினாக்கை 2023-இல் மத்திய அரசு விலங்குகளுக்குப் பயன்படுத்தத் தடை செய்துவிட்டது, கீட்டோபுரோஃபெனோடு சேர்த்து. காரணம் நாய் அல்ல, பிணந்தின்னிக் கழுகு. தொண்ணூறுகளில் இந்தியா முழுக்கக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மறைந்தன. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்த பிறகும் அதன் உடலில் தங்கி, தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது 2004-இல் உறுதியானது. 2006-இல் அதைக் கால்நடைக்குக் கொடுப்பதற்குத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்கு ஏற்றுவது தொடர்ந்ததால் 2015-இல் ஊசிக்குப்பியின் அளவையே 3 மில்லிலிட்டருக்குள் சுருக்கினார்கள். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறுவதால் அதுவும் பின்னாலேயே போனது. இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் வயநாட்டிலும் மிஞ்சியிருக்கிற கழுகுகளைத் தவிர இந்தப் பக்கம் பார்க்க முடிவதில்லை. மாட்டுக்கு நோவு தீர்த்த மருந்து கழுகுக்கு எமன். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கே போய்த் தேடுவேன்?

அந்தக் கழுகுகளுக்குத் தீங்கில்லை என்று சோதித்து முன்வைத்த மாற்று மருந்துதான் மெலாக்சிகாம். நாய்க்கும் டாக்டர்கள் அதிகம் எழுதுவது அதைத்தான். உடனே "அது எங்க மெடிக்கல்லயே கிடைக்குமே" என்று கிளம்பாதே. கிடைக்கும். மனிதருக்கானது 7.5, 15 மில்லிகிராம் மாத்திரை. மூன்று கிலோ பூனைக்கு ஐரோப்பாவில் நெடுநாள் மூட்டு வலிக்கு அனுமதித்திருக்கிற தினசரி அளவு கிலோவுக்கு 0.05 என்ற கணக்கில் 0.15 மில்லிகிராம். சின்ன மாத்திரையை ஐம்பது துண்டாக்க வேண்டும். உன் அரிவாள்மனையால் ஆகுமா? அமெரிக்காவில் பூனைக்கு அதைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெட்டு உயிரே போகலாம் என்று 2010 முதல் கட்டம்கட்டி எச்சரிக்கிறார்கள். சரியான மருந்துக்கே இந்த நிலை.

நாய்களுக்கென்று மெலாக்சிகாம் சொட்டு மருந்தாக வருகிறது, மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம். வழக்கமாக முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாளிலிருந்து 0.1. இங்கேதான் நீ தவறுவாய், எனக்குத் தெரியும். முதல் நாள் கொடுத்த இரட்டை அளவையே நாலு நாளும் கொடுப்பாய், "நல்லா கேக்குதுண்ணே" என்பாய். இன்னொரு தவறு சிரிஞ்சில் நடக்கும். சில கம்பெனிகள் கூடவே தரும் சிரிஞ்சில் கோடுகள் மில்லிலிட்டரில் இருக்காது, நாயின் எடைக் கிலோவில் இருக்கும். கடையில் வாங்கிய சாதா சிரிஞ்சில் அதே எண்ணைப் பார்த்து இழுத்தால் அளவு பல மடங்கு ஏறிவிடும். டாக்டரிடம் "எத்தனை மில்லி, எத்தனை நாள்" என்று கேட்டுச் சீட்டில் எண்ணாகவே எழுதி வாங்கு. உங்கள் மறையூர் ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் சொல்வார்கள், உனக்குப் புரியும். மருந்து கொடுக்கப்போவது உன் வீட்டு அத்தையாக இருந்தால் அவர்களுக்கும் புரிய வேண்டுமே. எண்ணுக்கு மொழி இல்லை.

எடை தெரியாமல் போகாதே. "பதினஞ்சு இருக்கும், இருபது இருக்கும்" என்பதெல்லாம் எடை ஆகாது. மாப்பிள்ளை மணியைத் தூக்கிக்கொண்டு உங்கள் கரும்பாலையில் வெல்லம் நிறுக்கிற தராசில் ஏறி நிற்கட்டும், பிறகு தனியாக நிற்கட்டும், கழித்துக்கொள். பூனையைத் துணிப்பையில் விட்டுத் தொங்கு தராசில் மாட்டிவிடலாம். கூச்சம் வேண்டாம். ஆலையில் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதானே.

கொழிஞ்சாம்பாறைக்கு வரும்போது நம் தொழுவத்து மருந்து அலமாரியிலிருந்து எதையும் எடுத்துப் போகவும் கூடாது. போன தடவை நீ அந்தப் பக்கம் நோட்டமிட்டதை நான் பார்க்காமல் இல்லை. பால்மாடு வைத்திருக்கிற சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படி ஒரு அலமாரி உண்டு. மாட்டுக்கான மெலாக்சிகாம் ஊசி மருந்து மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராமிலும் வரும், 20 மில்லிகிராமிலும் வரும். குப்பி பார்க்க ஒன்றுபோல இருக்கும். போலஸ் என்னும் பெரிய மாட்டு மாத்திரைகள் சிலவற்றில் மெலாக்சிகாமோடு பாரசிட்டமாலும் கிராம் கணக்கில் கலந்திருக்கும். நானூறு கிலோ மாட்டுக்கு அளந்தது அது.

டாக்டரைப் பார்க்கிறபோது நீயாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, அவர் கேட்காவிட்டாலும் சொல். போன மாதம் மணிக்குச் சொறிக்கு ஊசி போட்டீர்கள் என்று எழுதியிருந்தாய். அது ஸ்டீராய்டாக இருக்கலாம். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் வகைகளோடு இந்த வலி மருந்துகள் சேர்ந்தால் இரைப்பையில் துளையே விழலாம். ஒரு வலி மருந்து கேட்கவில்லை என்று அதன்மேலேயே இன்னொன்றைக் கொடுப்பதும் அப்படித்தான், நடுவில் சில நாள் இடைவெளி விட வேண்டும். மாப்பிள்ளையின் மாத்திரையை ஏற்கெனவே கொடுத்துவிட்டுத்தான் எனக்குக் கடிதம் எழுதினாய் என்றால், அதையும் டாக்டரிடம் ஒளிக்காதே. திட்டுவார். திட்டு வாங்கிக்கொள்.

வலி மருந்து எப்போதும் சோற்றுக்குப் பிறகு. வாந்தி, பேதி உள்ள நாய்க்கும் தண்ணீர் இறங்காத நாய்க்கும் கொடுக்கவே கூடாது. வறண்ட உடம்பில் சிறுநீரகம் முதலில் போகும். கொடுக்கத் தொடங்கிய பிறகு வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, கண்ணும் ஈறும் மஞ்சளித்தாலோ அன்றைய மருந்தை நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். "கோர்ஸ் முடிக்கணும்" என்ற பேச்சு ஆன்டிபயாடிக்குக்கு உரியது, இதற்கு இல்லை.

நொண்டுகிறது என்றால் காலில்தான் கோளாறு என்று நினைக்காதே. மறையூர்க் காட்டில் சுற்றுகிற நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தாலும் மூட்டு வலித்து நொண்டும். அந்தக் காய்ச்சலில் இரத்தம் உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும், அந்த நேரத்தில் வயிற்றைப் புண்ணாக்குகிற மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி. எலிக்காய்ச்சலும் நம் மழைக்காலத்து நோய்தான், அது சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பார், ஈறு வெளிறியிருக்கிறதா பார். பாதத்தில் முள்ளோ அட்டையோ இருந்தால் அது உன் அதிர்ஷ்டம், எடுத்துப் போட்டாலே நொண்டல் நிற்கும். ஒன்றை மட்டும் செய்யாதே. எச்சில் வடிய, வாய் மூட முடியாமல், தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல ஒரு நாய் தவித்தால் வாயைப் பிளந்து கையை விடாதே. வெறிநோய் அப்படியும் வரும். நாயைத் தனியே அடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடு. எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மனித ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பூனையின் வலியைக் கண்டுபிடிப்பது வேறு கலை. பல நேரம் அது நொண்டாது, கத்தாது. அலமாரிமேல் தாவுவதை நிறுத்தும், தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும், கட்டிலடியில் போய் உட்காரும். கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 2019-இல் பூனையின் முகத்தைப் பார்த்தே வலியைக் கணிக்க ஓர் அளவுமுறை வகுத்தார்கள்: காது எப்படி நிற்கிறது, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, மூக்கோரம் இறுகியிருக்கிறதா, மீசை நேராக விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. உன் பூனையின் முகம் உனக்குப் பழக்கம், இந்த ஐந்தையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்.

"மாத்திரையே வேண்டாம், தைலம் தேய்க்கிறேன்" என்று அத்தை சொல்லியிருப்பார்கள். வலித்தைலம் பலவற்றில் மெதில் சாலிசிலேட் இருக்கும், ஆஸ்பிரின் குடும்பம். பூனையின் உடம்பிலிருந்து ஆஸ்பிரின் வெளியேற நாள்கணக்காகும். தேய்த்த இடத்தை நாயும் நக்கும், பூனையும் நக்கும், அப்புறம் தைலம் வயிற்றுக்குள்தான். உன் முழங்காலில் தேய்த்த ஜெல்லைக்கூட மடியில் ஏறும் பூனை நக்க விடாதே. உரிமையாளர் பூசிக்கொண்ட ஃப்ளர்பிபுரோஃபென் களிம்பால் வீட்டுப் பூனைகள் செத்ததைச் சொல்லி 2015-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. யூக்கலிப்டஸ் தைலமும் உங்கள் ஊர்ப் புல்தைலமும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

சரி, டாக்டர் மருந்து எழுதிவிட்டார், எப்படிக் கொடுப்பது? வெல்லத்தில் பொதிந்து கொடுக்கப் போகிறாய். மறையூர்க்காரி வேறென்ன செய்வாய்! வெல்லம் வாயில் கரைந்ததும் கசப்பு தெரிந்து துப்பிவிடும், பிறகு வெல்லத்தைக் கண்டாலே ஓடும். உப்பும் வெங்காயமும் போடாமல் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு போதும். முதல் துண்டு வெறுமனே, இரண்டாவதில் மருந்து, மூன்றாவது வெறுமனே. பீஃப் கறிக்குழம்பில் ஒளித்து வைக்காதே. சின்ன உள்ளியும் பெரிய வெங்காயமும் நாய், பூனை இரண்டுக்கும் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடு, மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்று புண்ணாக்கும். நரம்பு வலிக்குக் காபாபென்டின் எழுதினால் மனிதருக்கான திரவ மருந்தை வாங்காதே. இனிப்புக்குச் சைலிட்டால் சேர்த்த வகைகள் உண்டு, நாய்க்கு அது நஞ்சு. மருந்துக்கடைப் பையன் "இது இல்லக்கா, இதே மாதிரி வேற இருக்கு" என்று நீட்டினால், வாங்குமுன் டாக்டருக்கு ஒரு போன்.

கடைசியாக உன் நியாயமான புகார். ஞாயிற்றுக்கிழமை, மழை, ரோட்டில் யானை, டாக்டர் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அந்த இரவில் மருந்து இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மணியைக் கட்டிப்போடு, படி ஏற விடாதே. இன்றைக்குப் பட்ட அடி என்றால் துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வை. இறுக்கிக் கட்டுப்போடாதே. பூனையை அட்டைப்பெட்டியில் படுக்கவை. விழுந்த பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, பின்னங்கால் இழுத்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதே. கால்நடை நடமாடும் மருத்துவ வண்டிக்கான 1962 கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் ஒரே எண்தான். பெரிய சிகிச்சை என்றால் உனக்குத் திருச்சூர் மண்ணுத்தியைவிடச் சின்னார் வழியாக இறங்கி உடுமலைப்பேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டம். அந்தக் கல்லூரி வந்த பிறகு உங்கள் பக்கத்துக்கு அது பெரிய வசதி.

தப்பித் தவறி பூனை பாரசிட்டமாலைத் தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று உட்காராதே, உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதே. மாத்திரை அட்டையையும் பூனையையும் எடுத்துக்கொண்டு ஓடு. எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல். அந்த நஞ்சை முறிக்க அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து இருக்கிறது, மனித ஆஸ்பத்திரிகளிலும் வைத்திருப்பார்கள். முதல் சில மணி நேரத்துக்குள் போனால் காப்பாற்ற வழி உண்டு.

இப்போது எழுந்து போய் மேசைமேல் கிடக்கிற அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பூட்டி வை. பிறகு 1962-ஐக் கூப்பிடு.

அன்புடன்,
அண்ணன்
கொழிஞ்சாம்பாறை